பழனி விளக்கு தெரியும்வரை பேசக்கூடாது

மார்க்கையன்கோட்டையில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு அர்த்தம் பல. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுப்பதும் சீட்டு. பெண்கள் மாதாமாதம் கட்டுவதும் சீட்டு. டாக்டர் மருந்து எழுதித் தருவதும் சீட்டு. இதெல்லாம் கௌரவமான சீட்டுகள். 'அவன் சீட்டாடுறவன்' என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் கதை வேறு. பெண் கொடுக்க யோசிப்பார்கள். மளிகைக் கடையில் கடன் நோட்டை மூடி வைத்துவிடுவார்கள்.

அந்த ஊரிலிருந்துதான் ஒரு கணக்கு வாத்தியார், வருடத்துக்கு ஒருமுறை, தோளில் துணிப்பையும் கையில் புளிச்சாதப் பொட்டலமுமாகச் சீட்டாடுவதற்கென்றே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். 1981-ல் தொடங்கிய பயணம் 1998 வரை நடந்தது. அவர் ஆடியது பிரிட்ஜ். பந்தயப் பணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் இதை ஊருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, வீட்டில் ஒருவருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த ஒருவர், அவருடைய அம்மா.

போன வயல்

சின்னமனூரிலிருந்து குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள் மார்க்கையன்கோட்டையைக் கடந்துதான் போவார்கள். இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னை, வாழை. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் இந்தப் பச்சைக்குக் காரணம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. இங்கே ஒரு ஏக்கர் நஞ்சை இருந்தால் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்கும்.

வாத்தியாரின் அப்பாவுக்கு அப்படி ஒரு ஏக்கர் இருந்தது. 1959 தீபாவளி சமயம், தென்னந்தோப்பில் நடந்த 'உள்ளே வெளியே' ஆட்டத்தில் அது கைமாறியது. வாத்தியாருக்கு அப்போது 9 வயது. விடிகாலையில் வீட்டுக்கு வந்த அப்பா, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "சீட்டு சரியா விழல."

அடுத்த நடவுக்கு அம்மா கூலிக்குப் போனார். எந்த வயலுக்குத் தெரியுமா? அதே வயலுக்கு. முந்தின வருடம்வரை தன்னுடையதாக இருந்த வரப்பில் நின்றுகொண்டு, நாற்று முடிச்சை அடுத்தவர் கையிலிருந்து வாங்கினார். அன்று இரவு மகனை சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, "காசு வச்சு சீட்டத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். பையன் சத்தியம் செய்தான். அதை அவர் இன்றுவரை மீறவில்லை.

விடுதியில் வந்த வினை

1968-ல் மதுரைக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போனார். விடுதியில் சனிக்கிழமை இரவானால் நாலு பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இவர் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஓரமாக நின்று பார்க்க ஆரம்பித்தார். மேஜையில் காசு இல்லை. ஒரு பழைய நோட்டில் புள்ளிக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு படிக்கிற பையனை அந்த நோட்டுதான் இழுத்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு பிரிட்ஜின் அடிப்படை புதிதல்ல. மேலே ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள், மலையாளிகளிடம் 'இருபத்தெட்டு' ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. எத்தனை புள்ளி எடுப்போம் என்று முதலில் கேள்வி கேட்க வேண்டும். கேள்வியில் ஜெயித்தவர் துருப்பு வைப்பார். பிரிட்ஜும் அந்த வகைதான். ஆனால் 52 சீட்டும் உண்டு, ஆளுக்கு 13. இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நாலு ஜாதியில் ஒன்றைத் துருப்பாகச் சொல்லலாம், துருப்பே இல்லாமலும் ஆடலாம். இன்று உலகம் ஆடும் 'கான்ட்ராக்ட் பிரிட்ஜ்' முறையை 1925-ல் அமெரிக்காவின் ஹரால்டு வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தின்போது உருவாக்கினார்.

ஒரு கையில் 13 சீட்டு எத்தனை விதமாக வரலாம்? விடுதி மொட்டைமாடியில் பென்சிலால் கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்தார் அவர்: 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. ஒருவன் ஆயுள் முழுக்க ஆடினாலும் ஒரே கை திரும்ப வருவது அபூர்வம். அன்று பிடித்தது பைத்தியம்.

பவர்ஹவுஸ் தம்பி

வாத்தியார் வேலை கிடைத்து ஊருக்கு வந்ததும் ஆட்டம் நின்றுபோனது. பிரிட்ஜுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டுமே! 1979-ல்தான் வழி பிறந்தது. லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞரைக் கூடலூர் பஸ்ஸில் சந்தித்தார். அந்த இளைஞர் மடியில் விரித்து வைத்திருந்தது ஒரு பிரிட்ஜ் புத்தகம். வாத்தியார் எட்டிப் பார்த்தார். லோயர் கேம்ப் வருவதற்குள் இருவரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வாத்தியார் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பஸ் மாறி மலையடிவாரம் போய்ச் சேருவார். மின்வாரியக் குடியிருப்பில் நாலு பேர் ஆட்டம். பின்னால் மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி நிற்கும். முதலில் 'சார்' என்று கூப்பிட்ட இளைஞர், மூன்றாம் மாதம் 'அண்ணே' என்றார். வாத்தியாரின் அம்மா வாயில் அவர் 'பவர்ஹவுஸ் தம்பி' ஆனார்.

கோயம்புத்தூரில் ஒரு மன்றத்தில் ஜோடிப் போட்டி நடக்கிறது என்று தம்பிதான் தகவல் கொண்டுவந்தார். வாத்தியார் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூட வேலை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் அம்மா முன்னால் போய் நின்று, "அம்மா, நான் கோயம்புத்தூருக்குச் சீட்டாடப் போறேன். காசு வச்சு இல்ல" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. மனைவிதான் விடியற்காலையில் எழுந்து புளிச்சாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தார். "என்னங்க, வந்ததும் ஒவ்வொரு பைசாவுக்கும் அத்தைகிட்ட கணக்குச் சொல்லிருங்க. அதுபோதும் அவங்களுக்கு" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த 40 பக்க நோட்டு. பஸ் கட்டணம், டீ, போட்டிக்கான நுழைவுக் கட்டணம், லாட்ஜ் வாடகை என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர் திரும்பியதும் மருமகள் வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிவில் ஒரே கேள்வி: "ஆட்டத்துல எவ்வளவு போச்சு?" "ஒண்ணும் போகலைத்தே." அம்மா எழுந்து போய்விடுவார். நம்பினாரா இல்லையா என்று ஐந்து வருடம் யாருக்கும் தெரியவில்லை.

ராணி யாரிடம் இருந்தாள்?

தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை. இதுதான் பாதை. வத்தலக்குண்டில் வெற்றிலைக் கூடைகள் ஏறும். ஒட்டன்சத்திரத்தில் தக்காளிப் பெட்டிகளோடு பஸ்ஸுக்குள் சந்தை வாசமே ஏறிவிடும். தம்பிக்கு ஜன்னலோரம், வாத்தியாருக்குக் கால் நீட்ட வசதியாக நடைபாதை ஓரம். போகும்போது முழுக்க ஒத்திகைதான். பிரிட்ஜில் ஜோடிகள் பேசிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 15. ஒன்று முதல் ஏழுவரை எண்கள், நாலு ஜாதி, 'நோ டிரம்ப்', அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். இதை வைத்துக்கொண்டுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்பதை எதிரே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். குரலை ஏற்றக்கூடாது, இறக்கக்கூடாது. புருவத்தைத் தூக்கினால்கூட ஒழுங்கீனம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் கட்டு முழுக்க 40 புள்ளி. அதில் இருவரிடமுமாக எத்தனை இருக்கிறது என்பதை அந்த 15 சொற்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

திரும்பும் பயணம் வேறு மாதிரி. முதல் வருடம் இருவரும் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தார்கள். கோவையில் பஸ் கிளம்பியதிலிருந்து பொள்ளாச்சிவரை ஒரே வாக்குவாதம்.

"ராணி அந்த மீசைக்காரன்கிட்டதான் இருந்தா அண்ணே. நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ எங்க சொன்ன? நான் இந்தப் பக்கத்து ஆளுகிட்டதான் இருப்பான்னு நெனச்சு ஜாக்கிய விட்டேன்."

"அவ உங்களை ஏமாத்திட்டு அவன்கிட்ட இருந்துட்டா."

முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "விடுங்கப்பா. போனவ போயிட்டா. பஸ்ஸு முழுக்கக் கேட்கப் பேசாதீங்க. அந்தப் புள்ளைக்கும் ஒரு மானம் இருக்குல்ல?"

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பிதான் அன்று சட்டம் போட்டார்: திரும்பும்போது பழனி மலை விளக்கு கண்ணில் படும்வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதற்குள் பசி அடங்கிவிடும், கோபமும் அடங்கிவிடும்.

17 வருடம் அந்தச் சட்டம் மீறப்படவே இல்லை. பொள்ளாச்சி, உடுமலை தாண்டி இருட்டில் பஸ் ஓடும். இருவரும் பிள்ளைகள் படிப்பு, சம்பளக் கமிஷன், அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று பேசிக்கொண்டு வருவார்கள். தூரத்தில் மலைப்படி விளக்குகள் தெரிந்ததும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், அடுத்த நொடி மற்றவர், "அந்த ஏழாவது ஆட்டத்துல..." என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அதற்குள் தப்பு செய்தவர் யார் என்பது அவரவர்க்கே தெரிந்திருக்கும். சண்டைக்கு வேலை இருக்காது.

அம்மா வந்தார்

1986-ல் பை கட்டிக்கொண்டிருந்த மகனிடம் அம்மா, "பஸ்ஸு பழனி வழியாத்தான போகுது? நானும் வாரேன்" என்றார். முருகனைப் பார்க்கவா, மகனைப் பார்க்கவா என்று யாரும் கேட்கவில்லை.

போட்டி அரங்கின் ஓரத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பார்வையாளர் பேசக்கூடாது என்பது விதி. காலை முழுக்க அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் காசு இல்லை. பீடிப் புகை இல்லை. அதட்டல் இல்லை. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருந்தவர்களும், மில் முதலாளி மாதிரி இருந்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுவதுபோல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மதிய இடைவேளையில் அம்மாவின் முதல் கேள்வி வந்தது. "அந்தத் தம்பி எதுக்குடா சீட்டையெல்லாம் விரிச்சு வச்சிட்டு சும்மா ஒக்காந்திருச்சு?"

"அவர் டம்மிம்மா. கேள்வியில நாங்க ஜெயிச்சிட்டா ஒருத்தர் சீட்டை மேஜையில விரிச்சிரணும். ரெண்டு பேர் சீட்டையும் இன்னொருத்தர்தான் ஆடணும்."

"உன்னைய நம்பிக் குடுத்துருது?"

"ஆமாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, மேஜைக்கு மேஜை போகும் அந்தத் தட்டுகள் என்ன என்று கேட்டார். போட்டி பிரிட்ஜின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஒரு தட்டில் நாலு பை. ஒரு மேஜையில் ஆடி முடித்ததும் நாலு பேரும் தங்கள் சீட்டைக் கலைக்காமல் அதே பைகளில் வைத்துவிடுவார்கள். தட்டு அடுத்த மேஜைக்குப் போகும். அங்கே வேறு நாலு பேர், அதே சீட்டை அப்படியே ஆடுவார்கள். கடைசியில் ஒப்பிடுவார்கள்: அதே கையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள், நீ என்ன செய்தாய்? மோசமான சீட்டு வந்ததா? அந்த இடத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதே மோசமான சீட்டுதான். மற்றவர்கள் மூன்று பிடி தோற்ற இடத்தில் நீ இரண்டோடு நிறுத்தினால், உனக்குத்தான் முழுப் புள்ளி.

வாத்தியார் இதை வயல் கணக்காகவே சொன்னார். "ஒரே வெதை, ஒரே தண்ணிம்மா. எவன் வயல்ல எம்புட்டு வெளைஞ்சுதுன்னு பாக்குற மாதிரி."

அம்மா கேட்டார்: "அப்ப, சீட்டு சரியா விழலைன்னு இங்க யாரும் சொல்ல முடியாதா?"

"முடியாதும்மா."

27 வருடத்துக்கு முந்தைய தீபாவளி விடிகாலை இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பாரு இந்த ஆட்டத்தப் படிச்சிருக்கலாம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த வருடம்தான் இருவருக்கும் மூன்றாம் பரிசு கிடைத்தது. உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளிமுலாம் கோப்பை. திரும்பும் வழியில் பழனியில் இறங்கி, அம்மாவை விஞ்ச்சில் மலைக்கு அழைத்துப் போனார்கள். சந்நிதியில் கொடுத்த விபூதியை மடிக்கக் காகிதம் இல்லை. அம்மா மகனின் பையைத் திறந்து, கோப்பையை எடுத்து, அதில் கொட்டிக்கொண்டார். 2004-ல் அவர் காலமாகும்வரை தினமும் காலையில் அதிலிருந்துதான் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். இப்போதும் சாமி அலமாரியில் அது விபூதிக் கோப்பையாகவேதான் இருக்கிறது. மறு வருடத்திலிருந்து கணக்கு நோட்டை அவர் வாசிக்கச் சொல்லவில்லை. வாத்தியார்தான் பழக்கத்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

காசு வந்த இடத்தில் வருவது

சீட்டில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பது நீதிமன்றம்வரை போன கேள்வி. 1967-ல் ரம்மி பற்றிய ஒரு வழக்கில், சீட்டுக் கலைத்துப் போடுவதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் இருக்கும் அளவுக்குத்தான் ரம்மியிலும் இருக்கிறது, ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அவர்களுக்கு வயது 60, 56. அந்தச் செய்தி வந்த அன்று, சின்னமனூரில் லட்டு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார் வாத்தியார். எதற்கு என்று பலருக்கும் புரியவில்லை.

ஆனால் திறமை என்று சட்டம் சொன்னாலும், காசு நுழைந்துவிட்டால் ஆட்டம் அதே தென்னந்தோப்புக்குத்தான் போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. செல்போனில் ரம்மி ஆடிக் கடனாளியான பிள்ளைகளைத் தெருவிலேயே பார்த்தவர் அவர். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தபோது, பேரனிடம் சொன்னார்: "சீட்டு மேல தப்பு இல்லடா. அதுக்குக் கீழ வைக்கிற காசு மேலதான் தப்பு."

பவர்ஹவுஸ் தம்பி 1998-ல் மாற்றலாகிப் போனார். ஓய்வு பெற்று இப்போது திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். இருவரும் 'பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்' தளத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். காசு இல்லாத ஆட்டம். முடிந்ததும் போன். ஆனால் வாத்தியாருக்கு அதில் ஒரு குறை. ஆட்டம் முடிந்த மறு நிமிடமே எல்லார் கையும் திரையில் தெரிந்துவிடுகிறது. யோசித்துக்கொண்டே வருவதற்கு நடுவில் உடுமலையும் இல்லை, பழனியும் இல்லை.

போன மாதம் தம்பி போனில், சென்னையில் ஒரு போட்டி இருக்கிறது என்றார். வாத்தியாருக்கு 75 வயது. முழங்கால் பஸ் பயணத்துக்குத் தாங்காது. ஆனால் 2023 ஜூனில் போடிவரை அகலப்பாதையில் ரயில் வந்துவிட்டதே! இரவு தேனியில் ஏறினால் காலையில் சென்னை. திண்டுக்கல்லில் தம்பி ஏறிக்கொள்ளலாம். இருவருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. புதிதாக ஒரு 40 பக்க நோட்டும் வாங்கியாகிவிட்டது. முதல் வரியில் ரயில் கட்டணம் ஏறியிருக்கிறது.

தீராத பிரச்சினை ஒன்றுதான். இந்த ரயில் பழனி வழியாகப் போகாது. திரும்பும்போது எந்த ஊர்வரை வாயைத் திறக்கக்கூடாது?

"கரூர்னு வச்சுக்குவோம்" என்கிறார் வாத்தியார்.

"அண்ணே, கரூர் தாண்டுனா நான் இறங்குற ஊரு வந்துரும். அப்புறம் எங்க பேச? காட்பாடி போதும்ணே" என்கிறார் தம்பி.